ரெண்டு ரேம், ஒரு போஸ்டர்

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கப் போய்க் கண் கலங்கித் திரும்பியவர்கள் உங்களில் யாராவது உண்டா? எனக்குப் போன வாரம் அது நடந்தது.

என் தங்கை செண்பகம் தென்காசியில் டிசைன் கடை வைத்திருக்கிறாள். கல்யாணப் பத்திரிகை, சடங்கு ஃப்ளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர்... எல்லாம் உண்டு. அவளுக்கு ஒரு கம்ப்யூட்டர். பக்கத்திலேயே அவள் வீட்டுக்காரர் குத்தாலிங்கத்துக்கு ஒன்று.

போன வருஷம் குற்றாலத்தில் சீசன் தொடங்கிய சமயத்தில் மாப்பிள்ளை தவறிவிட்டார். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இப்போது முதலாம் ஆண்டு நினைவு நாள். ஊருக்கே அஞ்சலி போஸ்டர் போட்டவருக்கு யார் போடுவது? "வேற கடையில குடுக்க மாட்டேன்" என்று செண்பகமே உட்கார்ந்துவிட்டாள்.

பெரிய போஸ்டர், பெரிய போட்டோ. அவள் கம்ப்யூட்டர் திணறியது. மாப்பிள்ளையுடையதோ ஒரு வருஷமாக மூடிக் கிடந்ததில், சாரல் ஈரம் ஏறி மதர்போர்டே போய்விட்டது. அதிலிருந்த ரேம் என்ற மெமரிப் பட்டையை உருவித் தன்னுடையதில் செருகியிருக்கிறாள். எட்டும் எட்டும் பதினாறு ஜிபி — கணக்கெல்லாம் சரிதான்! ஆனால் இவளுடையது புதுசு, வேகம். அவருடையது பழசு, மந்தம். ஒத்துப்போகவில்லை. மாப்பிள்ளை முகத்தைப் பெரிதாக்கும்போதெல்லாம் திரை நீலமாகி அணைந்தது.

எனக்குப் போன் வந்தது. போய்க் கழற்றிப் பார்த்தேன்.

"ஏட்டி, இந்தப் பழசத் தூரப் போடு. உன்னோடது மாதிரியே ஒண்ணு வாங்கிருவோம்."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகமே மாறிவிட்டது.

"இந்தக் கடையில அவிய பொருளுன்னு வேல செய்யுதது இது ஒண்ணுதான் அண்ணே. சேந்து ஓட வழியே இல்லையா?"

வழி இருக்கிறது. செட்டிங்ஸில் வேகத்தைக் குறைத்து வைக்கலாம். "ஆனா உன் ரேமும் அவரு ரேம் வேகத்துக்கு இறங்கிரும். சீசன் நேரம், வேல குவிஞ்சு கெடக்கு... யோசிச்சுக்கோ" என்றேன்.

அவள் அழ ஆரம்பித்தாள்.

குத்தாலிங்கம் எப்பவுமே நிதானம். இறந்தவர் போட்டோ வந்தால் அப்படியே வைத்து அனுப்ப மாட்டார். நெற்றி வியர்வையை அழிப்பார், கலைந்த முடியை ஒதுக்குவார், கண்ணுக்குக் கொஞ்சம் வெளிச்சம் கொடுப்பார். இவள் பக்கத்திலிருந்து கத்துவாள். "எழவு வீட்டு ஆளுவ காத்துக் கெடக்காவ. என்னத்தப் போட்டு உருட்டுதிய? சீக்கிரம் முடிங்க!" அவர் சிரித்துக்கொண்டே, "கடைசி போட்டோ செண்பகம், நல்லா இருக்கட்டும்" என்பார்.

"பரவால்ல, குறைச்சிருங்கண்ணே" என்றாள். குறைத்தேன். ரெண்டு ரேமும் சேர்ந்து ஓடின. திரை நீலமாகவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஆடி அசைந்துதான் வந்தது. ஜோடி சேர்ந்தால் வேகமானதுதான் இறங்கி வர வேண்டும். கம்ப்யூட்டருக்கு இது தெரிந்திருக்கிறது. நமக்கு? ஆள் போன பிறகல்லவா தெரிகிறது!

ஏதோ கல்யாண வீட்டுப் பந்தியில் எடுத்த போட்டோ. மாப்பிள்ளை நெற்றியெல்லாம் வியர்வை. செண்பகம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்தாள். முடியை ஒதுக்கினாள். கண்ணுக்கு வந்து நின்றுவிட்டாள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "போதும்ட்டி, பிரஸ்ஸுக்கு அனுப்பணும். நேரமாச்சு."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து அவியள விரட்டிக்கிட்டேதான் இருந்தேன். இன்னைக்காவது அவிய வேகத்துல போறேன். விடுங்கண்ணே."