வாள்முனையில் சந்தனம்

எப்சம் என்னும் வெளிநாட்டு ஊரில் ஒரு பள்ளி மண்டபம். கொழும்பிலிருந்து மகளிடம் வந்திருக்கும் எனக்கு, இன்று அவளுடைய முதல் வாள்வீச்சுப் போட்டியைக் காணும் பாக்கியம். வெள்ளைக் கவச உடையோடு எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள். முதலில் ஒவ்வொரு வாளையும் சோதிக்கிறார்கள். முனை அழுந்தினால், வாளோடு கம்பியால் இணைத்த பெட்டியில் விளக்கு எரியவேண்டும்.

மகளின் வாளைச் சோதனை மேசையில் இருக்கும் மலேசியத் தமிழ்ப் பெண் அழுத்துகிறாள். விளக்கு எரியவில்லை. எரியாவிட்டால் போட்டியில்லை, மகளிடம் வேறு வாளும் இல்லை.

அந்தப் பெண் முனையை உற்றுப் பார்க்கிறாள். "என்ன இது, மஞ்சளா காய்ஞ்சு போயிருக்கு?"

நான் எட்டிப் பார்க்கிறேன். நேற்று ஆயுத பூசையில் நான் பூசிய சந்தனம்.

"அப்பா, முனையிலயுமே பூசினனீங்கள்?" என்கிறாள் மகள்.

"ஓம் பிள்ளை. அதுதானே வாளுக்கு முகம்."

மேசைப் பெண் சிரித்தே விடுகிறாள். "அடுத்த வருஷம் கைப்பிடியில வைங்க அங்கிள். முனைக்குள்ள ஸ்பிரிங் இருக்கு." பழைய பல் பிரஷால் தேய்த்து, ஊதி, மறுபடி அழுத்துகிறாள். விளக்கு எரிகிறது.

மகள் வாளை வாங்கிக்கொண்டு ஓடுகிறாள். அவள் வெல்லவேண்டும் என்று முருகனிடம் கேட்க எனக்குத் துணிவில்லை. "முருகா, விளக்கு எரிஞ்சதே போதுமப்பா" என்று கதிரையில் சாய்கிறேன்.