எதிர்ப்பக்கம் திரும்பியவள்

அன்று மேடையில் என் மகள் எதிர்ப்பக்கம் திரும்பியது அவளுடைய முடிவா, தொலைக்காட்சி சொல்லிக்கொடுத்ததா? இரண்டு வருடமாக யோசிக்கிறேன், தெரியவில்லை.

2010இல் அவள் இரண்டாம் வகுப்பு. அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்போது ஒரு ஷூ விளம்பரம் அடிக்கடி வரும். ஒரே மாதிரி சட்டை போட்ட கூட்டம் ஒரு பக்கமாக நடக்கும். ஒரு பையன் மட்டும் திரும்பி எதிரே நடப்பான். 'நீ நீயாக இரு' என்று ஒரு குரல் சொல்லும். தட்டில் சோறு காய, அசையாமல் பார்ப்பாள். அந்த ஷூதான் வேண்டும் என்றாள்.

சிதம்பரத்தில் கடைக்காரர், "இதாம்மா இப்ப எல்லாப் புள்ளைங்களும் கேக்குது, ஸ்டாக்கே நிக்க மாட்டேங்குது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் வாங்கினேன்.

ஆண்டு விழாவில் அவள் வகுப்புக்குக் குழு நடனம். எல்லோருக்கும் மஞ்சள் பாவாடை. பாட்டின் நடுவே எல்லோரும் இடப்பக்கம் திரும்பி வரிசையாக நடக்க வேண்டும். என் மகள் வலப்பக்கம் திரும்பினாள். எதிரே வந்த பெண்ணை இடித்துக்கொண்டு, நிமிர்ந்த தலையோடு மேடை ஓரம் வரை நடந்தாள். இடிபட்ட பெண் அழுதுவிட்டாள். வரிசை கலைந்தது. கூட்டம் சிரித்தது, யாரோ கைதட்டவும் செய்தார்கள்.

கல்யாணத்துக்கு முன்பு கடலூர் தியேட்டரில், ஊர்ப் பேச்சை உதறிவிட்டுத் தனியே நடந்துபோகும் ஒரு கதாநாயகிக்கு நானும் தோழிகளும் கை வலிக்கத் தட்டியிருக்கிறோம். அவள் யாரையும் இடித்ததாகப் படத்தில் காட்டவில்லை. ஆண்டு விழா அன்றோ என் கைகள் மடியிலேயே கிடந்தன.

டீச்சர் மேடைக்குப் பின்னால் கூப்பிட்டார். "என்ன மேடம் இது? ரெண்டு மாசமா தொண்டத் தண்ணி வத்தக் கத்துனேன். அந்தப் புள்ளைகிட்ட சாரி சொல்லச் சொல்லுங்க."

"நா தெரிஞ்சிதாம்மா திரும்புனேன்" என்றாள் மகள்.

"சொல்லுடி" என்று மணிக்கட்டை இறுக்கினேன். ஷூவைப் பார்த்தபடி சொன்னாள்.

வண்டியில் வரும்போது, நடந்ததை மகள் சொல்லக் கேட்ட கணவர், "இவ்ளோ படிச்சவ, புள்ள கையவா முறுக்குவ?" என்றார்.

"நீங்க வந்து பேசியிருக்கலாமில்ல?"

"நானா? நா அந்தப் புள்ள யாருன்னே தெரியாத மாதிரி உக்காந்திருந்தேன்."

எங்கள் நடுவே இருந்தவள் கேட்டாள்: "அம்மா, அந்த வெளம்பரத்துப் பையனும் அப்புறம் சாரி சொன்னானா?"

அவர் வண்டியின் வேகத்தைக் கூட்டினார்.

கல்லூரியில், மனிதன் தன் தேர்வுகளால்தான் தானாகிறான் என்று பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். இடித்ததற்கு மன்னிப்புக் கேட்கவைத்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் இடித்ததற்கா கேட்கவைத்தேன், திரும்பியதற்கா? அதை அவளிடம் பிரித்துச் சொல்லவில்லை.

இப்போது நான்காம் வகுப்பு. எந்த ரிப்பன், எந்தப் பென்சில், எல்லாவற்றையும் என்னைக் கேட்டுத்தான் எடுக்கிறாள். மறுபடி ஆண்டு விழா வருகிறது. நேற்று கூடத்தில் ஆடிப் பார்த்தவள் பாதியில் நின்று, "எந்தப் பக்கம் திரும்பணும்மா? நீயே சொல்லிடு" என்றாள்.

அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டேன். பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது எழுதுங்கள். அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?