அம்மா முதலாளியான கதை

பசறைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் தேயிலை மலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குடும்பங்களிடம் ஒப்படைத்தபோது எனக்கு ஒன்பது வயது. பராமரிப்பதும் கொழுந்து பறிப்பதும் நாங்கள். நிறுத்து வாங்கி விலை வைப்பது தோட்ட நிர்வாகம். எங்கள் துண்டுக்கான தாளில் அம்மாவின் பெயர் இருந்ததால், லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் அவளை ‘முதலாளியம்மா’ என்று கேலி செய்தார்கள். எனக்கோ பெருமை தாங்கவில்லை. பள்ளிக்கூடத்திலும் போய்ப் பீற்றிக்கொண்டேன்.

அம்மாவோடு கொழுந்து பறித்துக்கொண்டிருந்த சித்தியை ஒருநாள் குளவிகள் விரட்டின. தலைதெறிக்க ஓடியவள் தண்ணீர் வடியும் கானுக்குள் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். நஷ்டஈடு கேட்கத் தோட்டத்து ஆபீசுக்கு அம்மா போனபோது நானும் கூடப் போனேன். கிளாக்கர் அந்தத் தாளை எடுத்து மேசையில் போட்டார்.

“துண்டு ஒன் பேருல இருக்கு. தங்கச்சி ஒனக்குத்தான வேலை செஞ்சா? அப்ப நீதான் முதலாளி. கேஸ் போட்டா ஒன்மேலதான் வரும்.”

அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜீப் சத்தம் கேட்டாலே அம்மாவைப் பிடித்துப்போக வந்துவிட்டார்கள் என்று ஓடிப்போய்க் கதவைச் சாத்துவேன்.

ஒருநாள் நிஜமாகவே ஒருவர் வந்தார். பதுளையிலிருந்து விபத்தை விசாரிக்க வந்த அரசாங்கத் தொழில் அதிகாரி. சித்தி படுத்திருந்த கட்டிலருகே உட்கார்ந்து ஃபைலைத் திறந்தார்.

“அன்னைக்கு என்ன வேலையா மலைக்குப் போனீங்க?”

சித்தி கொழுந்து பறிக்கவே போகவில்லை என்றால் அம்மா முதலாளியாக முடியாதே! நான் முந்திக்கொண்டேன்.

“சித்தி விறகு பொறுக்கத்தாங்க போனாங்க.”

அம்மா என்னை அதட்டவில்லை. தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சித்தி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“ஆமாங்க. பாப்பா சொல்றது சரிதான்.”

நன்றாக யோசித்துச் சொல்லும்படி அவர் இரண்டு தரம் கேட்டார். சித்தி அதையே சொன்னாள். அவர் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார். அம்மாவைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அம்மா முதலாளியே இல்லை, தோட்டம்தான் முதலாளி என்று நிரூபிக்கவே அந்த மனிதர் அத்தனை தூரம் வந்திருந்தார். கொழுந்து பறிக்கப் போனேன் என்று சித்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், தோட்டம் அவளுக்கு நஷ்டஈடு கட்ட வேண்டி வந்திருக்கும். இது எனக்குத் தெரிந்தது வளர்ந்த பிறகுதான். சித்திக்கு அன்றைக்கே தெரிந்திருந்ததா என்று கேட்க எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.