காலியாக விடக்கூடாத கட்டம்

செர்பியாவில் மொராவா ஆற்றோரத்துச் சின்ன ஊர். அங்குள்ள தண்ணீர் வாரிய அலுவலகத்தில் எக்செல் என்றாலே லியூபிங்காதான். யார் எந்தக் கோப்பைக் கெடுத்தாலும் கடைசியில் அவள் தலையில்தான் வந்து விடியும்.

அந்த ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு காவல் புனிதர் உண்டு; அவர் நாளில் வீட்டில் நடக்கும் விருந்துத் திருநாள்தான் ஸ்லாவா. இந்த வருடம் மேலாளர் வுகாஷின் புதுக் கட்டளை போட்டார்.

"எவனும் திடீர்னு வந்து நாளைக்கு எங்க வீட்டு ஸ்லாவானு லீவு கேக்கக்கூடாது. எல்லாரும் அவங்கவங்க வீட்டுப் புனிதர் பேரை இப்பவே எழுதிரணும். எழுதலைன்னா ஷீட்டே மூடக்கூடாதும்மா."

அப்படியே செய்து கொடுத்தாள். காலிக் கட்டம் சிவப்பாகும், சேமிக்க விடாது. மீட்டர் பார்க்கிறவர்கள் புள்ளி வைத்து ஏமாற்றினார்கள். புள்ளியையும் கோட்டையும் தடுத்தாள். அதோடு விட்டிருக்கலாம். கெட்டிக்காரத்தனம் யாரை விட்டது? புனிதர் பெயரைத் தவிர எதையும் ஏற்காதபடி பூட்டி, கடவுச்சொல்லை மேலாளரிடமே கொடுத்துவிட்டு வந்தாள். அவர் அதை மாற்றி வைத்துக்கொண்டார்.

இப்போது எல்லார் வரியும் நிரம்பிவிட்டது. அவள் வரி மட்டும் சிவப்பாக நிற்கிறது.

கல்யாணமான பெண்ணுக்குக் கணவன் வீட்டுப் புனிதர்தான். பிறந்த வீட்டுப் புனிதர் அண்ணனோடு போய்விட்டார். வருஷா வருஷம் டிசம்பரில் புனித நிக்கோலாவின் ஸ்லாவாவுக்கு ரொட்டி சுட்டு, மீன் பொரித்து, அலுவலகத்துக்கே விருந்து போட்டவள் அவள். கோடையில் கணவன் திஹோமிர் அந்த வீட்டுக்கு இன்னொருத்தியைக் கூட்டிவந்தான். தான் வாடகை அறைக்குப் போனதைப் பற்றி அலுவலகத்தில் லியூபிங்கா மூச்சு விடவில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது.

நிக்கோலா என்று எழுதினால் அத்தனை பேரும் அந்த வீட்டுக்கே போய் நிற்பார்கள். ஸ்லாவாவுக்கு யாரும் அழைப்பதில்லை, யாரும் அழைப்புக்குக் காத்திருப்பதுமில்லை. எழுதாவிட்டால் ஷீட் மூடாது. கடவுச்சொல் கேட்டால் மேலாளர் ஏன் என்பார். தன் கையாலேயே தன்னைப் பூட்டிக்கொண்டாளே, பாவி!

"என்னடி, உன் புனிதர் பேரே மறந்துபோச்சா?"

பக்கத்து மேசை ரதோய்கா எட்டிப் பார்த்தாள். லியூபிங்கா வாய் திறப்பதற்குள் குனிந்து நிக்கோலா என்று தட்டிவிட்டாள். சிவப்பு போயிற்று. ஷீட் சமர்த்தாக மூடிக்கொண்டது.

"ஆச்சு! இதுக்குப் போயி மூஞ்சிய தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா பாரு. போன வருஷம் மீனு பத்தலைடி, இந்தத் தடவை நெறைய பொரி. நாங்க எல்லாரும் வந்துருவோம்."

லியூபிங்கா சிரித்துச் சமாளிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"வாங்கடி. ஆனா கதவைத் தொறக்கிறது நானா இருக்கமாட்டேன்."