சொசைட்டி வக்கீல் கேட்ட நாலாவது கையெழுத்து

வீடு வாங்கப் போகிறோம் என்று முடிவான நாளிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எழுபதுகளின் நடுப்பகுதி அது. தூத்துக்குடி புதுத் துறைமுகத்தில் நான் டெலிபோன் ஆபரேட்டர். லைனில் காத்திருக்கும் கப்பல் ஏஜெண்டுகளிடம் "நாங்க வீடு வாங்குதோம் சார்" என்று சொல்லாத குறைதான். உண்மையைச் சொன்னால், இரண்டு பேரிடம் சொல்லியும்விட்டேன். கடன் என் பெயரில், துறைமுக ஊழியர்களின் வீட்டுக்கடன் சொசைட்டியில். என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். "வீட்டுக்காரம்மா, காப்பி கிடைக்குமா?" என்று அவர் அப்போதே கேலியை ஆரம்பித்திருந்தார்.

கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த சின்ன வீடு. மொட்டை மாடியில் ஏறினால் கடல் தெரியும். உப்புக் காற்றில் சுண்ணாம்பு உரிந்து கிடந்த சுவரைக்கூட நான் அழகு என்றேன். ஜன்னலைச் சாண் போட்டு அளந்து, கடன் வருவதற்கு முன்பே திரைத்துணி வெட்டிவிட்டேன். என் கிறுக்கைப் பார்த்து அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

விற்பவர் தண்டல், அதாவது தோணிக்குத் தலைவராக இருந்தவர். கடல் போதும் என்று கரையேறியவர். தெருவுக்கே அண்ணாச்சி. அம்மா முன்பே போய்விட்டார்; செத்துப்போன அப்பாவின் வீட்டை அவரும் இரண்டு தம்பிகளும் சேர்ந்து விற்கிறார்கள். எங்களைப் பிடித்திருந்தது என்றாலும் அவர் கறாராகச் சொல்லியிருந்தார்: இந்த மாதத்துக்குள் பத்திரம் பதிந்துவிட வேண்டும், இல்லையென்றால் ரொக்கத்தோடு காத்திருக்கிற உப்பளக்காரருக்குக் கொடுத்துவிடுவார்.

என் கணவரின் தாய்மாமா பாளையங்கோட்டையில் வக்கீல். மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றிதழையும் வாங்கிப் புரட்டிவிட்டு, ஒரு வில்லங்கமும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று எழுதியே கொடுத்தார். சொசைட்டிச் செயலாளர் அந்தத் தாளைத் தொடக்கூட இல்லை. சொசைட்டி அங்கீகரித்த வக்கீல் பார்த்துச் சொன்னால்தான் கடனாம். சேதி கேட்ட மாமா, எங்கள் வீட்டில் ஊற்றிவைத்த மோரைக் குடிக்காமலே பஸ் ஏறிவிட்டார். எனக்கும் எரிச்சல்தான். அந்த வக்கீலுக்குக் கூலி நாங்கள் கொடுக்க வேண்டும், அவர் காவல் காப்பதோ சொசைட்டியின் பணத்துக்கு. இது என்ன நியாயம் என்று கணவரைப் பிடித்து உலுக்கினேன், ஏதோ அவர்தான் சட்டம் போட்டதுபோல.

சொசைட்டி வக்கீலுக்கு ஒரு பழக்கம் இருந்தது. விற்கிறவர் வீட்டில் போய் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீர் குடிக்காமல் பத்திரக் கட்டை அவிழ்க்க மாட்டார். கறுப்புக் கோட்டை மடித்து சைக்கிள் கேரியரில் செருகிக்கொண்டு வந்தார். அண்ணாச்சியின் வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்து, தண்ணீரை ஒவ்வொரு மிடறாகக் குடித்துக்கொண்டே சுவர்களைப் பார்த்தார். சுவரைப் பார்க்கவா இவருக்குக் கூலி என்று நான் கணவரின் காதைக் கடித்தேன். மாதா படத்துக்குக் கீழே ஒரு பழைய குடும்பப் படம் மாட்டியிருந்தது. அவர் எழுந்து அதன் பக்கத்தில் போனார்.

"அண்ணாச்சி, படத்துல பிள்ளைங்க நாலு பேரு இருக்காங்க. விக்கது மூணு பேருதானே?"

"அது தங்கச்சி. அவ சாமிக்குப் போயிட்டால்லா. திருச்சிப் பக்கம் மடத்துல சிஸ்டரா இருக்கா."

"சாமிக்குப் போனாலும் பங்கு போகாது" என்றார் வக்கீல். செம்பைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் சிஸ்டரும் கையெழுத்துப் போட்டால்தான் கடனுக்குத் தன் சம்மதம் என்று சைக்கிளை எடுத்தார்.

அண்ணாச்சி திகைத்துப்போனார். ஏமாற்ற நினைத்தவரில்லை. எல்லாவற்றையும் துறந்துவிட்டுப் போனவளுக்கு வீட்டில் என்ன இருக்கும் என்று அவரும் நினைத்தார், தெருவும் நினைத்தது. எங்கள் மாமா உள்பட ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மறுநாளே மடத்துக்குக் கடிதம் போனது. மாமா சும்மா இருந்தாரா? பங்கு மடத்துக்குத்தான் சேரும் என்று அவர்கள் பிடித்துக்கொண்டால் வீடு கோர்ட்டுக்குப் போகும், நம் பிள்ளைகள் காலத்தில்தான் தீர்ப்பு வரும் என்று சொல்லியனுப்பினார். எங்களுக்கு அப்போது பிள்ளையே இல்லை. இருந்தாலும் வெட்டிவைத்த திரைத்துணியைத் தைக்காமல் மடித்துவைத்தேன். உப்பளக்காரர் வேறு இரண்டு தடவை வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார்.

மாதம் முடியும் தறுவாயில் சிஸ்டர் வந்தேவிட்டார். துணைக்கு வந்த வயதான சிஸ்டர் பஸ் அலுப்பில் எங்கள் வீட்டில் படுத்துவிட்டார். அண்ணாச்சி தங்கையை "ஏளா" என்று ஆரம்பித்து, வெள்ளை உடுப்பைப் பார்த்து "சிஸ்டர்" என்று திருத்தி, இரண்டும் ஒட்டாமல் தவித்தார். நேரே பதிவு ஆபீசுக்குப் போகலாம் என்றார். சிஸ்டரோ முதலில் வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார். போச்சு என்று நினைத்தேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு அறை அறையாக நடந்தார். அடுக்களையில் குனிந்து எதையோ பார்த்தார். பிறகு கிடுகிடுவென்று மாடிக்கு ஏறினார். பின்னாலேயே ஓடினேன். கடலைப் பார்த்துக்கொண்டு நின்றவர் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். அடக்க அடக்கச் சிரிப்பு பொங்கியது. ஒருவேளை ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்துபோய்க் கையைப் பிடித்தேன்.

"இத்தன வருசமா, ஒண்ணும் எனக்குச் சொந்தமில்லன்னு வறுமை வார்த்தைப்பாடு குடுத்துட்டு, ஒரு வீட்டுக்காரியா இருந்திருக்கேன் பாத்தியா. எனக்கே தெரியாது. கடுதாசி வந்தன்னைக்கி மடமே சிரிச்சது."

கீழே இருந்து அண்ணாச்சி நேரமாகிறது என்று குரல் கொடுத்தார்.

"நான் வீட்டுக்காரியா இருக்கது இன்னும் ஒரு மணி நேரந்தான். இருந்துட்டு வாரேன்னு சொல்லு" என்றார் என்னிடம்.

அவர் சிரித்ததில் எனக்கும் தொற்றிக்கொண்டது. எந்த மூலையில் அரிசிப்பானை, எங்கே கட்டில், எந்த ஜன்னலுக்கு எந்தத் துணி என்று என் கிறுக்கையெல்லாம் கொட்டினேன். கட்டிலை அங்கே போட்டால் மழைக்கு ஒழுகும், இந்தப் பக்கம் போடு என்று வீட்டுக்காரியாகவே அதிகாரம் செய்தார். கையெழுத்துப் போடுவாரா என்று நான் கேட்கவில்லை. பயமாக இருந்தது.

பதிவு ஆபீசில் ஏகக் கூட்டம். சொசைட்டி வக்கீல் கோட்டைப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். அண்ணன் தம்பிகள் மூவரும் மளமளவென்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஒதுங்கினார்கள். கடைசியாகச் சிஸ்டரின் முறை. பதிவாளர் தலையை நிமிர்த்தாமல், நாளெல்லாம் கேட்டு அலுத்த குரலில் கேட்டார்: யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், சம்மதத்தோடுதான் வீட்டை விற்கிறீர்களா?

சிஸ்டர் பேனாவை எடுக்கவில்லை. சிரிப்பு நின்றுவிட்டிருந்தது.

"நான் மடத்துக்குப் போனன்னைக்கி எல்லாரும் அழுதாங்க. ஆனா இந்த வீட்டப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்த யாரும் கேக்கல. அப்பா செத்தப்பவும் கேக்கல. கேட்டிருந்தா அன்னைக்கே சந்தோசமாக் குடுத்திருப்பேன். இன்னைக்கித்தான் கேக்கீங்க. சம்மதம்."

கையெழுத்துப் போட்டுவிட்டு, மை தடவிய பெருவிரலைத் தாளில் அழுத்தினார். பதிவாளர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். அண்ணாச்சி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, அத்தனை கூட்டத்துக்கு நடுவில் விம்மி விம்மி அழுதார். வீடு என்னுடையதாகிவிட்டது என்பதே எனக்கு ஒரு நிமிடம் மறந்துபோயிற்று.