ஈய அங்கிக்குள் குத்திய பட்ஜ்

ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் அக்காவுக்குச் சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோன அன்றுதான் எனக்கு அது உறைத்தது. எக்ஸ்ரே அறைக் கதவு மூடுமுன் பார்த்தேன். கை முறிந்த பிள்ளையோடு வந்த தாய்க்கு அக்கா, கதிர் படாமல் காக்கும் தன் ஈய அங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு, வெறும் சேலையோடு பிள்ளையை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். கழற்றும்போது அங்கியின் உட்பக்கத்தில் அவளுடைய பட்ஜ் குத்தியிருந்தது தெரிந்தது.

வேலை செய்பவரின் உடம்பில் எவ்வளவு கதிர் பட்டதென்று காட்டுவது அந்தப் பட்ஜ்தான். இடைக்கிடை கொழும்புக்குப் போய் அளந்து வரும். அக்காவுடையது எப்போதும் சுத்தம் என்றே வரும். அக்கா அந்த அறையில் உதவியாளர். நாற்பது வயது ஆகவில்லை, இடக்கண்ணில் புரை வெட்டியாயிற்று. இப்போது வலக்கண்ணும் மங்குகிறது.

பௌதிகவியல் படிக்கிற எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பரந்தனில் பஸ் ஏறி விசுவமடுவில் இறங்கும்வரை கைபேசியில் வாசித்தபடியே வந்தேன். கண்வில்லைக்குக் கதிர் ஆகாது, பட்டுக்கொண்டே இருந்தால் புரை விழும். அன்று பின்னேரம் அக்கா குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தபோது, பட்ஜை ஏன் சேலைச் சட்டையில் குத்துவதில்லை என்று கேட்டேன். அங்கியில் குத்தினால் தொலையாதாம்.

"அப்ப அங்கிய ஏன் குடுத்தனீங்கள்?"

"ஒண்டுதானேடி இருக்கு. அந்த மனிசி பயந்துபோய் நிக்குது. நான் போட்டுக்கொண்டு அவாவை வெறுமன நிக்க விடுறதே?"

வீட்டுக்கு வந்தவர் உட்கார நல்ல கதிரையைக் கொடுப்பதுபோலத்தான். அக்காவுக்கு முன்பு அங்கே நின்றவரும் அப்படியே செய்தாராம். ஆக இத்தனை வருடமும் அந்தப் பட்ஜ் ஈயத்துக்குப் பின்னால், யாரோ தாய்மாரின் நெஞ்சில் கிடந்தது. அக்காவில் பட்டதை எதுவும் அளக்கவில்லை. இனி அளக்கவும் முடியாது.

வலக்கண்ணாவது தப்பட்டும் என்று, அவளை வேறு பகுதிக்கு மாற்றச் சொல்லிக் கேட்கப் போனேன். எக்ஸ்ரே பகுதிக்குப் பொறுப்பானவர் உட்காரக் கதிரை தந்து மரியாதையாகத்தான் கதைத்தார். "அக்காவின்ர அளவு சுத்தமாத்தானே வந்திருக்கு, பிள்ளை." அங்கிக் கதையைச் சொன்னேன். அதை எப்படி நிரூபிப்பது என்று கேட்டார். கண் வைத்தியரோ, சீனி வருத்தமாக இருக்கலாம், வெயிலாக இருக்கலாம், பரம்பரையாகவும் இருக்கலாம் என்றார். கதிரால் வந்ததில்லையா என்றதற்கு, "ஓம் எண்டும் சொல்லேலாது, இல்லை எண்டும் சொல்லேலாது" என்றார். அவர் சொன்னது சரி. கொஞ்சம் கொஞ்சமாகப் பட்ட கதிர், எந்த நோயிலும் தன் பெயரை எழுதிவைப்பதில்லை.

இப்போது அக்கா பட்ஜைச் சட்டையில் குத்துகிறாள், நேற்றுத்தான் வேலைக்குச் சேர்ந்தவள்போல. இன்னொரு அங்கி கேட்டிருக்கிறோம். பதில் இல்லை. இருக்கிற ஒன்றை அவள் இன்னும் தாய்மாருக்கே கொடுக்கிறாள்.

பிள்ளையை ஆளே பிடிக்கத் தேவையில்லாமல், துணிப்பட்டி வைத்த பலகை ஒன்று செய்யலாம் என்றேன்.

"படிச்சுப்போட்டுக் குஞ்சுப் பிள்ளையளைக் கட்டிவைக்கவோ போறாய்?" என்றாள். பிறகு விரல்களைச் சேர்த்துக் காட்டி, பட்டி நாலு விரல் அகலமாவது வேண்டும், இல்லையென்றால் கையை வெட்டும் என்றாள்.

நாளைக்குப் பரந்தனில் ஒரு தச்சரிடம் போகிறேன். பலகையின் நிழல் எக்ஸ்ரே படத்தில் விழுமோ தெரியாது. விழுந்தால் இதுவும் சரிவராது. முதலில் வெறும் பலகையை வைத்து ஒரு படம் எடுத்துப் பார்க்க எக்ஸ்ரே எடுக்கிற மெசின்காரர் ஓம் என்றிருக்கிறார். அந்த ஒரு படத்துக்காவது அக்கா கதவுக்கு வெளியே நிற்கலாம்.