வாய்க்கால் தண்ணீர் எடுக்கக் கூடாத நாட்கள்

எங்கள் இறால் பண்ணை முழுவதும் என் கணவரின் தலைக்குள் இருந்தது. அதில் பாதியையாவது வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். மகள் படிப்பை முடித்துக் கைகழுவிய பழைய தொடுதிரை டெப் ஒன்று கிடந்தது, மூலையில் கண்ணாடி கீறல் விட்டது. அதில் எனக்கென்று ஒரு விக்கி போட்டேன். ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு பக்கம். ஒரு பக்கத்தில் உள்ள சொல்லைத் தொட்டால் அந்தச் சொல்லுக்கான பக்கம் திறக்கும். இன்டர்நெட் தேவையில்லை, குளத்து வரம்பில் நின்றபடியே பார்க்கலாம். அவர் தேநீர் குடித்துக்கொண்டு சொல்வார், நான் தட்டுவேன்.

"உன்ட விக்கிக்குச் சொல்லிச் சொல்லியே என்ட தொண்ட வத்திப் போகுது" என்பார்.

"தேத்தண்ணி குடிக்கிறீங்கதானே, வத்தாது" என்பேன்.

விக்கியில் எனக்குப் பிடித்த வசதி ஒன்று உண்டு. இன்னும் எழுதாத பக்கத்துக்கும் முன்கூட்டியே இணைப்புப் போட்டு வைக்கலாம். அந்தச் சொல் சிவப்பாக நிற்கும். எழுதி முடித்ததும் நீலமாகும். சிவப்பைக் கண்டால் எனக்குப் பொறுக்காது, ஒவ்வொன்றாக நீலமாக்கிக்கொண்டே வந்தேன். ஒன்று மட்டும் மாறவேயில்லை: "வாய்க்கால் தண்ணீர் எடுக்கக் கூடாத நாட்கள்." அதைக் கேட்டால் மட்டும் அவருக்கு எங்கிருந்தோ ஒரு வேலை வந்துவிடும். "பிறகு சொல்றன்" என்று எழும்பிவிடுவார். சோம்பல் என்று நினைத்து நன்றாக ஏசியிருக்கிறேன்.

போன விளைச்சல் வெள்ளைப் புள்ளி நோயில் மொத்தமாகப் போயிற்று. இதுவும் போனால் பண்ணையை விற்றுவிட்டு மகளோடு கொழும்புக்குப் போய்விடுவோம் என்று அவர் சொல்லியிருந்தார். இறால் பிடிக்கும் பருவத்துக்கு வந்துகொண்டிருந்தபோது அவருக்கு நெஞ்சு வலித்தது. சிலாபம் ஆஸ்பத்திரியில் வார்டில் மறித்துவிட்டார்கள். துணைக்கு மகள் வந்து சேர்ந்ததும் என்னை முந்தலில் இருக்கும் பண்ணைக்கு அனுப்பிவிட்டார். "என்னப் பாக்க டொக்டர் இரிக்காங்க. குளத்தப் பாக்க ஆர் இரிக்கா?" என்று கேட்டார்.

மறுநாள் காலையிலேயே கரண்ட் போனது. குளத்துத் தண்ணீரை அடித்துக் காற்றுச் சேர்க்கும் சில்லுகள் ஒவ்வொன்றாக நின்றன. ஜெனரேட்டர் இரண்டு தரம் இருமிவிட்டுச் செத்துப்போனது. கொஞ்ச நேரத்தில் இறால்கள் மூச்சுக்குத் தவித்து மேலே வரத் தொடங்கின. கரையோரமெல்லாம் மீசைகள்.

"மடையத் திறப்பமா?" என்று கேட்டார் எங்களோடு வேலை செய்கிற அண்ணன். வாய்க்காலில் தண்ணீர் ஏறி நின்றது. மடைப் பலகையைத் தூக்கினால் புதுத் தண்ணீர் பாயும், இறாலுக்கு மூச்சு வரும்.

டெப்பைத் திறந்தேன். "கரண்ட் போனால்" என்ற பக்கம் வந்தது. ஜெனரேட்டர் போடு, அதுவும் இல்லையென்றால் வாய்க்கால் தண்ணீர் எடு, எடுக்கமுன் இதைப் பார் என்று இருந்தது. பார்க்கச் சொன்ன இடத்தில் அந்தச் சிவப்புச் சொல். தொட்டேன். இந்தப் பக்கம் இன்னும் இல்லை, எழுதப் போகிறீர்களா என்று டெப் என்னையே கேட்டது. தூக்கிக் குளத்துக்குள் எறிந்திருப்பேன். என் கணவரின் போன் அணைத்திருந்தது. மகளுக்கு அடித்தேன்; வாப்பாவைச் சோதனைக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள் என்றாள்.

வாய்க்காலில் எங்களுக்கு மேலே இருப்பது என் நானாவின் பண்ணை. கூடப் பிறந்த மூத்தவர். எல்லாரும் ஒரே வாய்க்காலில் எடுத்து, அதிலேயே விடுகிறவர்கள். அதனால் எங்கள் பக்கத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. குளத்தில் நோய் கண்டவர் மடையை அடைத்துவிட்டு மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். எழுதி வைத்த சட்டமல்ல, அவரவர் நாணயம்.

நானாவுக்குப் போன் எடுத்தேன். "நல்ல தண்ணி. யோசிக்காம எடு தங்கச்சி" என்றார்.

அண்ணன் பலகையில் கை வைத்துவிட்டார். நான் டெப்பை மூடப் போனேன். அந்த வெற்றுப் பக்கத்தின் அடியில் எந்தெந்தப் பக்கங்கள் இதைச் சுட்டுகின்றன என்று காட்டியிருந்தது. ஒன்று, நான் பார்த்துவந்த பக்கம். அடுத்தது, "போன விளைச்சல்". மூன்றாவது, "நானா".

நானாவின் பக்கத்தில் அதை நானாகப் போடவில்லை. என் கணவர் சொல்லித்தான் போட்டேன். "இதுலயும் அந்தச் செவப்பப் போட்டு வை" என்றார். எதற்கென்று கேட்டதற்குத்தான் எழும்பிப் போனார்.

"நில்லுங்க அண்ணன்!" என்று கத்தினேன்.

வரம்பின் மேட்டுக்கு ஓடினேன். நானாவின் குளம் தெரிந்தது. கரை நெடுகக் காகமும் கொக்கும். நோய் கண்டு சோர்ந்து ஒதுங்கும் இறாலை அவை நோகாமல் கொத்திக்கொண்டிருந்தன. மடைப் பலகை தூக்கியிருந்தது. குளத்துத் தண்ணீர் வாய்க்காலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பவும் போன் எடுத்தேன். "நானா, உங்கட கரையெல்லாம் காகமா இரிக்கே."

"காகம் எங்கதான் இல்ல. எனக்கு வேல இரிக்கி" என்று வைத்துவிட்டார்.

மேட்டிலிருந்து ஓடி இறங்கினேன். பயமா, கோபமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பலகையை இறுக்கச் சொன்னேன். இடுக்கில் சேறு அப்பினோம். பிறகு சின்ன டீசல் பம்பை இழுத்து வந்து, குளத்துத் தண்ணீரையே உறிஞ்சி அந்தக் குளத்துக்கே மழையாக அடித்தோம். ஓஸ் குழாயைப் பிடித்துக்கொண்டு கரையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதினேன். கரண்ட் வந்தபோது சூரியன் உச்சியில் நின்றது. கொஞ்சம் செத்து மிதந்தன. மற்றவை கீழே இறங்கிவிட்டன.

பின்னேரம் ஆஸ்பத்திரியிலிருந்து அவர் பேசினார். குரல் மெலிந்திருந்தது. முதல் கேள்வியே, "வாய்க்கால் தண்ணி எடுத்தியா?"

"இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அதற்குள் எல்லாம் இருந்தது.

"போன தரமும் நானாட தண்ணிதானா? ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"உன்ட நானா தானே புள்ள. நான் எப்பிடிச் சொல்ற?"

இத்தனை நாளும் சோம்பேறி என்று ஏசினேனே என்று அழுகை வந்தது. போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். கேட்டிருக்கும்.

"இப்ப எழுது" என்றார்.

அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். "நானாவின் கரையில் காகம் இறங்கியிருந்தால் மடையைத் திறக்காதே." நானா என்ற சொல் உடனே நீலமானது. தொட்டால் அவருடைய பக்கம் திறக்கும். என் நிக்காஹ்வுக்கு அவர் ஓடித் திரிந்த கதை, அவருக்குப் பிடித்த நண்டுக் கறி எல்லாம் அங்கே இருக்கின்றன. நானா என்ற அந்தச் சொல்லை அழித்துவிட்டு, "பக்கத்துப் பண்ணைக்காரர்" என்று எழுதினேன்.

சொல் சிவப்பாக நின்றது. அப்படி ஒருவருக்கு என்னிடம் பக்கம் இல்லை.